விளக்கும் விலங்கும்

2020ஆம் ஆண்டு மே 3ஆம் நாள், இந்திய வான்படையின் ஹெலிகாப்டர்கள் நாட்டின் பெரிய மருத்துவமனைகள் மீது மலர் தூவிச் சென்றன. அதற்கு ஆறு வாரங்களுக்கு முன், மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு, மக்கள் வாசலிலும் மாடியிலும் நின்று கை தட்டினர், தட்டையும் தட்டினர். கொரோனாக் கொள்ளைநோய் ஊரை உலுக்கிய அந்நாளில், பெற்ற மகனே தந்தையின் உடலருகே செல்ல அஞ்சியபோது அருகில் நின்ற செவிலியரைப் பாராட்டத்தான் அத்தனை ஆரவாரமும்! ‘தேவதைகள்’ என்றனர், ‘வெள்ளுடைத் தெய்வங்கள்’ என்றனர்.

இரண்டரை ஆண்டு கழிந்தது. அக்காலத்தில் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் ஒப்பந்த முறையில் அமர்த்தப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்க்கு, 2022 டிசம்பர் 31ஆம் நாளோடு பணி இல்லை என்று ஆணை வந்தது. தெய்வங்கள் தெருவுக்கு வந்தன!

மலருக்கும் அந்த ஆணைக்கும் உள்ள உறவு என்ன? ஏதோ ஓர் அதிகாரியின் கல்நெஞ்சம் என்று சொல்லிவிட்டுப் போவோமானால் நோயின் வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளியவர்களாவோம். செவிலியர் தொழிலின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை பளிச்செனப் புலப்படும். எங்கெல்லாம் அவர்கள் தலைக்கு ஒளிவட்டம் சூட்டப்பட்டதோ, அங்கெல்லாம் அவர்கள் ஊதியம் வெட்டப்பட்டது. எங்கெல்லாம் அவர்கள் ஒளிவட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சங்கம் கண்டார்களோ, அங்கேதான் வயிறார உண்டார்கள். பெண்ணைத் தெய்வம் என்று போற்றியபடியே அடுப்படியில் பூட்டி வைத்த நாட்டில் பிறந்த நமக்கு, இந்தச் சூழ்ச்சி புதிதன்று.

மடமும் படையும்

பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் நடத்தும் பாடத்தில் ‘விளக்கேந்திய மங்கை’ தவறாமல் வருகிறார். 1854ஆம் ஆண்டு, கிரிமியப் போரில் காயமுற்ற படைவீரர்க்குப் பணிபுரிய, 38 பெண்களுடன் ஸ்கூட்டரி மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்தாம் அவர். 1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தோன்றியது. இக்காலச் செவிலியர் தொழில் அங்கிருந்துதான் கிளைத்தது.

ஆனால், அத்தொழில் எந்த வீட்டில் பிறந்தது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. அதற்குத் தாய் மடம், தந்தை படை. ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில், 1836ஆம் ஆண்டு பிளீட்னர் என்ற பாதிரியார் ஓர் இல்லம் அமைத்தார். அங்கே பெண்கள் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார்கள். உணவும் உடையும் உறைவிடமும் உண்டு. உழைப்புக்கேற்ற ஊதியம் கிடையாது. ஊதியம் ஆண்டவனிடத்திலாம்! நைட்டிங்கேல் அம்மையார் 1851இல் பயிற்சி பெற்றது அவ்வில்லத்தில்தான். பிறகு அவர் பணி செய்தது போர்ப்பாசறையில். மடத்திலிருந்து தன்னலத் துறவும், படையிலிருந்து கேள்வி கேளாக் கீழ்ப்படிதலும் இத்தொழிலுக்குச் சீதனமாக வந்தன. இன்றும் நாம் செவிலியரைச் ‘சிஸ்டர்’ என்று அழைக்கிறோமே, அது மடத்தின் எச்சம்!

அம்மையாரைக் குறை கூறுவதன்று நம் நோக்கம். அவர் கையில் விளக்கு மட்டுமா இருந்தது? கணக்கேடும் இருந்தது. போர்வீரர் பெரும்பாலோர் குண்டடிபட்டுச் சாகவில்லை, தடுக்கக்கூடிய தொற்றுநோயால் செத்தார்கள் என்பதை 1858இல் வட்ட வரைபடம் போட்டு, புள்ளிவிவரத்தோடு மெய்ப்பித்தவர் அவர். செவிலியர் பயிற்சி பெற்றவராகவும் ஊதியம் பெறுபவராகவும் இருக்க வேண்டும் என்றவரும் அவரே. உலகம் என்ன செய்தது? கணக்கேட்டை மறைத்துவிட்டு விளக்கை மட்டும் படமாக்கிச் சுவரில் மாட்டிற்று. எண்ணத் தெரிந்த பெண் ஆபத்தானவள். விளக்கேந்தும் பெண்ணோ அழகானவள்!

அந்தப் படத்தின் நிழலில் செவிலியர் பட்ட பாட்டை விவரித்தால் நீளும். விடுதியிலேயே தங்க வேண்டும். திருமணமானால் வேலையை விட வேண்டும் என்பவை பல நாடுகளில் எழுதிய விதியாகவோ எழுதாத விதியாகவோ நிலவின. அரசுப் பதிவு வேண்டும், பயிற்சி பெற்றவர் யார் பெறாதவர் யார் என்று சட்டம் சொல்ல வேண்டும் என்று பெட்போர்டு பென்விக் அம்மையார் 1887ஆம் ஆண்டு முதல் பிரிட்டனில் போராடினார். அதை எதிர்த்தவர்களில் நைட்டிங்கேல் அம்மையாரும் ஒருவர்! நியூசிலாந்து 1901இலேயே அச்சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. பிரிட்டனுக்கோ 1919 வரை காத்திருக்க நேர்ந்தது.

வேலை நேரம்? 1930களின் பிற்பகுதியில் இலண்டன் வீதியில் செவிலியர் ஊர்வலம் சென்றனர். முகத்தில் முகமூடி அணிந்து சென்றனர். அடையாளம் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற அச்சம்! அந்நாளில் எழுந்த கோரிக்கை என்ன தெரியுமா? பதினான்கு நாளில் 96 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காதீர் என்பதுதான். கிழமைக்கு 48 மணி நேரம் உழைக்க ஒப்புகிறோம், அதற்கு மேல் வேண்டாம் என்று கேட்கவே முகத்தை மறைக்க வேண்டியிருந்தது, தேவதைகளுக்கு!

தீட்டும் தெய்வமும்

மேனாட்டில் மடம் செய்த வேலையை நம் நாட்டில் சாதி செய்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டிலேயே செவிலியர் பயிற்சி தொடங்கியது. வந்து சேர்ந்தவர் யார்? பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ-இந்தியரும் கிறித்தவப் பெண்களுமே. மற்றவர் ஏன் வரவில்லை? சளியும் குருதியும் மலமும் தீட்டு; அயலான் உடலைத் தொடுவது அதனினும் தீட்டு. பிள்ளைப்பேறு பார்க்கும் கலையை முடிதிருத்துவோர் வீட்டுப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவளை ‘மருத்துவச்சி’ என்று அழைத்து, பிள்ளையை அவள் கையால் வாங்கிக்கொண்டு, அவளைத் திண்ணைக்குக் கீழே நிறுத்திய சமுதாயமல்லவா இது! உயிரைக் காக்கும் கை, சாத்திரத்தின் கண்ணுக்கு அழுக்குக் கையாயிற்று.

இதன் விளைவை எண்ணாலேயே அளக்கலாம். 1946இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, அன்றைய இந்தியாவில் ஏறத்தாழ 7,000 செவிலியரே இருந்ததாகக் கணக்கிட்டது. அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர்! 500 பேருக்கு ஒருவர் என்னும் நிலையை 1971க்குள் எட்ட வேண்டும் என்றும் அது இலக்குக் குறித்தது. மூவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இருந்தார் என்பது பஞ்சம். எண்பத்தாறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இருந்தார் என்பதற்கு என்ன பெயர் வைப்பது? தீட்டு வாங்கிய உயிர்களுக்குக் கல்வெட்டு இல்லை.

சென்னை மாகாணம் இதில் ஒரு நல்ல முன்மாதிரி காட்டியது என்பதைப் பெருமையோடு குறிப்பிடலாம். நீதிக்கட்சி அமைச்சரவை நடந்த 1926ஆம் ஆண்டில் சென்னைச் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் நிறைவேறியது. பதிவுக்கென ஒரு மன்றமும் அதன்வழி வந்தது. அனைத்திந்தியாவுக்குமான செவிலியர் மன்றச் சட்டம் வந்ததோ 1947இல். சாதி தாழ்த்திய கையைச் சட்டம் பதிவேட்டில் ஏற்றிற்று. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறியதே ஒழிய, கையில் காசு ஏறவில்லை. தீட்டு என்று ஒதுக்கியவர்கள், காலம் மாறியதும் தெய்வம் என்று உயர்த்தினார்கள். இரண்டிலும் மனிதர் என்ற சொல்லுக்கு மட்டும் இடமில்லை! தீட்டுக்கும் கூலி பேச உரிமையில்லை; தெய்வத்துக்கும் கூலி பேச வழியில்லை.

ஆயுதத்தைக் கீழே வைத்தவர்கள்

கூலி பேசத் தொழிலாளிக்கு உள்ள கடைசி ஆயுதம் வேலைநிறுத்தம். அந்த ஆயுதத்தைச் செவிலியர் தம் கையாலேயே கீழே வைத்த கதைதான் இவ்வரலாற்றின் மிகத் துன்பமான பகுதி.

அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1950ஆம் ஆண்டு, ‘வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம்’ என்று உறுதி பூண்டது. ஆஸ்திரேலியச் செவிலியர் கூட்டமைப்பின் விதிகளிலும் அதே உறுதி இருந்தது. 1916இல் தோன்றிய பிரிட்டனின் அரச செவிலியர் கல்லூரியும் அதே நெறியைப் போற்றிற்று. எதிரி பறிக்கவில்லை, இவர்களே ஒப்படைத்தார்கள். ‘நாங்கள் வேலையை நிறுத்த மாட்டோம், எங்கள் நல்லெண்ணத்தை மதித்து நீங்களே ஊதியம் உயர்த்துங்கள்’ என்றார்கள். நல்லெண்ணத்தை மெச்சினார்கள் நிர்வாகிகள்; மெச்சியதோடு நிறுத்திக்கொண்டார்கள். அமெரிக்காவிலோ, 1947ஆம் ஆண்டின் டாப்ட்-ஹார்ட்லி சட்டம், இலாப நோக்கமற்றவை எனப்பட்ட மருத்துவமனைகளின் ஊழியரைத் தொழிற்சங்கப் பாதுகாப்புக்கு வெளியே நிறுத்தியது. சங்கம் உறுதி பூண்டது. சட்டமோ கதவை அடைத்தது.

அனுபவம் பாடம் புகட்டிற்று. அமெரிக்கச் சங்கம் 1968இல் அந்த உறுதியைக் கைவிட்டது. 1974இல் சட்டமும் திருந்தியது. மருத்துவமனை ஊழியர்க்குச் சங்கப் பாதுகாப்பு கிடைத்தது. வேலைநிறுத்தத்துக்குப் பத்து நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் வந்தது. ஆஸ்திரேலியச் செவிலியர் 1984இல் தம் விதியிலிருந்து அவ்வரியை அடித்தனர். இரண்டே ஆண்டில், 1986 அக்டோபர் 31ஆம் நாள், விக்டோரியா மாநிலச் செவிலியர் ஐரின் போல்கர் என்னும் செயலாளரின் தலைமையில் வெளியேறினர். 50 நாள்! திசம்பர் 20 வரை மறியற் கூடாரங்களில் இருந்தனர். ‘விளக்கேந்திய மங்கையரா இப்படி?’ என்று ஏடுகள் கேட்டபோதும் அவர்கள் அசையவில்லை.

பிரிட்டனின் அரச செவிலியர் கல்லூரி 1995இல் தடையை நீக்கியது. எனினும் நாடு தழுவிய முதல் வேலைநிறுத்தம் நடந்தது 2022 திசம்பர் 15ஆம் நாள்தான். பிறந்து 106 ஆண்டு கழித்து! 2020இல் அந்நாட்டு மக்களும் வியாழக்கிழமை தோறும் வாசலில் நின்று கை தட்டியவர்களே. கைதட்டலை வைத்துக் கடையில் ரொட்டி வாங்க முடியவில்லை என்பது இரண்டு ஆண்டில் விளங்கிவிட்டது.

நோயாளி என்ன ஆவான்?

‘எல்லாம் சரி, செவிலியர் வேலையை நிறுத்தினால் நோயாளி என்ன ஆவான்?’ என்று கேட்பவர் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். பகுத்தறிவாளர் கேள்விக்கு அஞ்சலாகாது.

முதலில், வேலைநிறுத்தம் செய்யாத நாளில் நோயாளி என்ன ஆகிறான் என்று பார்ப்போம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, லிண்டா எய்க்கன் அம்மையாரும் உடன் ஆய்வாளரும் 2002இல் முடிவு வெளியிட்டனர். அறுவை மருத்துவம் பெற்ற நோயாளிகளைக் கணக்கில் எடுத்தனர். ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால், முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று கண்டனர். ஆகவே, ‘ஒருவர் தலையில் இத்தனை பேரைச் சுமத்தாதீர்’ என்று செவிலியர் எழுப்பும் குரல் நோயாளியின் குரலே அன்றோ!

இதனை உணர்ந்துதான் கலிபோர்னியாவில் செவிலியர் சங்கம் போராடி, 1999இல் சட்டம் இயற்றச் செய்தது. 2004 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு செவிலியர்க்கு இத்தனை நோயாளிக்கு மேல் கூடாது என்று வரையறுத்த சட்டம் அது. விக்டோரியாவில் 2000ஆம் ஆண்டு கிடைத்த விகிதம் 2015இல் சட்டமாயிற்று. 1986இல் கூடாரத்தில் அமர்ந்தவர்களின் துணிவு, பின்னாளில் படுக்கையில் கிடப்பவனுக்கு மருந்தாயிற்று. உயிர்காக்கும் பிரிவுகளில் ஆளை வைத்துவிட்டு, முன்னறிவிப்புக் கொடுத்துப் போராடும் முறையும் உலகெங்கும் பழகிய முறையே. நோயாளியைப் பணயம் வைப்பது யார்? முன்கூட்டி அறிவித்துவிட்டுப் போராடுகிறவரா? நாற்பது படுக்கைக்கு ஒருவரை நிறுத்திவிட்டு நிம்மதியாக உறங்குகிறவரா?

கேரளம் காட்டிய வழி

உலகின் பல திசைகளுக்கும் செவிலியரை அனுப்பும் நாடு கேரளம். அங்கே கடன் வாங்கிப் படித்து வந்த பெண்களைத் தனியார் மருத்துவமனைகள் பாண்டு என்னும் ஒப்பந்தச் சீட்டால் கட்டிப்போட்டன. சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதும், இடையில் விலகினால் பெருந்தொகை கேட்பதும் வழக்கமாயின. 2011 அக்டோபரில் மும்பையில் பணியாற்றிய ஒரு கேரளச் செவிலியர் தற்கொலை செய்துகொண்டார். பாண்டின் பெயரால் அவருக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டது என்று குற்றஞ்சாட்டி உடன் பணியாற்றியோர் கிளர்ந்தெழுந்தனர். அந்த ஆண்டே கேரளத்தில் ஐக்கிய செவிலியர் சங்கம் உருவாயிற்று. 2012 ஆகஸ்டில் கோதமங்கலத்தில், நூறு நாளைத் தாண்டியும் தீராத வேலைநிறுத்தத்தின் முடிவில், மூன்று செவிலியர் மருத்துவமனை மாடியில் ஏறி நின்று குதிப்போம் என்றனர். பிறர் உயிரைக் காப்பவர்கள் தம் உயிரைப் பணயம் வைத்த பிறகே பேச்சுவார்த்தை கனிந்தது.

இந்தியச் செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2016 ஜனவரி 29ஆம் நாள் தனியார் செவிலியர் நிலையை ஆராயக் குழு அமைக்கச் சொன்னது. அக்குழு கூறிய பரிந்துரை தெளிவானது: 200 படுக்கைக்கு மேல் உள்ள மருத்துவமனையில் அரசுச் செவிலியர்க்கு நிகரான ஊதியம், 50க்கும் குறைந்த படுக்கையுள்ள இடத்திலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. ஆனால், பரிந்துரை காகிதத்தில் இருந்தது. காகிதம் அலமாரியில் இருந்தது.

கேரளச் செவிலியர் அக்காகிதத்தை வீதிக்குக் கொண்டுவந்தனர். 2017 ஜூலையில் போராட்டம் மூண்டபோது, கண்ணூர் மாவட்ட ஆட்சியர் செவிலியர் கல்லூரி மாணவியரை நாளொன்றுக்கு 150 ரூபாய்க்கு மருத்துவமனைகளுக்குப் போகச் சொல்லி ஆணையிட்டார். அக்காவின் போராட்டத்தை உடைக்கத் தங்கையை ஏவிய ஆணை அது! மாணவியர் எதிர்த்து நின்றனர். சேர்த்தலையில் ஒரு மருத்துவமனை வாயிலில் எட்டுத் திங்கள் நீண்ட போராட்டம் நடந்தது. 2018 ஏப்ரல் 24இல் சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நெடும்பயணம் என்று சங்கம் அறிவித்தது. பயணம் புறப்படவில்லை, தேவைப்படவில்லை! முதல் நாளே, ஏப்ரல் 23இல், அடிப்படை ஊதியம் 20,000 ரூபாய் என்று அரசு அறிவிக்கை வெளியிட்டது. நீதிமன்றம் வழி காட்டிற்று. நடந்து காட்ட ஆயத்தமானவர்களே ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

நம் வாசலில்

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு வைத்து ஆயிரக்கணக்கான செவிலியரைத் தேர்ந்தெடுத்தது. திங்களுக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டு கழிந்தால் காலமுறை ஊதியம் என்பது அவர்கள் நம்பி வந்த வாக்குறுதி. இரண்டு ஆண்டு கழிந்தது, வாக்குறுதி கழியவில்லை. 2017 நவம்பர் 27ஆம் நாள், ஊர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்தெல்லாம் அவர்கள் திரண்டு வந்து, சென்னைத் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அமர்ந்தனர். கைக்குழந்தையோடு வந்த தாய்மாரும் இருந்தனர். மூன்றாம் நாள் உயர்நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது, அவர்கள் கலைந்தனர். தோற்றார்களா? அடுத்த ஆண்டு அந்த 7,700 ரூபாய் 14,000 ஆயிற்று. நிரந்தரப் பணி எல்லோர்க்கும் கிட்டவில்லை. ஆனால் மூன்று நாள் அமர்ந்ததற்கு இவ்வளவு என்றால், இரண்டு ஆண்டு பொறுத்ததற்குக் கிடைத்தது என்ன? ஒன்றுமில்லை!

2017இல் ஒரு கட்சி ஆட்சி. 2022இல் மற்றொரு கட்சி ஆட்சி. தொகுப்பூதியம், ஒப்பந்தம் என்ற சொற்கள் மட்டும் இரு ஆட்சியிலும் நாற்காலியை விட்டு எழவில்லை. நம் இயக்கத்தின் பெயரைச் சொல்லும் ஆட்சி என்பதற்காக நாம் கண்ணை மூடிக்கொள்வோமானால், பகுத்தறிவு என்ற சொல்லை வாயால் சொல்லும் தகுதியை இழப்போம். 1926இல் பதிவேட்டில் இடம் தந்த மரபு நம்முடையது என்று மார் தட்டுகிறோமே, அந்த மரபுக்குக் கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. 1987இல் அமைந்து, பின்னர் சரோஜினி வரதப்பன் அம்மையார் தலைமையேற்ற உயர்நிலைக் குழு, செவிலியர்க்குக் கிழமைக்கு 40 மணி நேர வேலை என்று பரிந்துரைத்தது. தமிழ்ப் பெண்மணி ஒருவர் தலைமையில் வந்த அப்பரிந்துரையைத் தமிழகத்துத் தனியார் மருத்துவமனைகளில் எத்தனை நிறைவேற்றின என்று நாம் கேட்டதுண்டா?

தோழர்களே! நம் ஊர் மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிப் போகிறோம். இனி மூன்று கேள்விகளையும் எடுத்துப் போவோம். இந்தக் கூடத்தில் இரவில் ஒரு செவிலியர்க்கு எத்தனை நோயாளிகள்? இவர்களுக்குப் பணி ஆணை கையில் உண்டா? இவர்கள் சான்றிதழ் யார் பெட்டியில் இருக்கிறது? விடை கிடைக்காவிட்டால் துண்டறிக்கை அச்சிடுவோம், கூட்டம் போடுவோம், செவிலியர் சங்கம் காணும் நாளில் வாயிலில் அவர்களோடு நிற்போம். ஊர் தங்களோடு இருக்கிறது என்று தெரிந்தால், முகமூடி அணிய எந்தச் செவிலியர்க்கும் தேவையிராது.

‘தேவதை’ என்று இனி எவரேனும் மேடையில் முழங்கினால், கைதட்டும் முன் ஒரு சொல் கேளுங்கள்: ‘ஐயா, சம்பளம் எவ்வளவு?’